போர்க்காலத்தில் பாலே உடையும் காலணியும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் (1939–1945) ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாலே நடனத்துக்கான உடைகள், காலணிகள் ஆகியவற்றின் தயாரிப்பும் பயன்பாடும் பெரிதும் மாறின. பட்டு, தோல், ரப்பர், நைலான் ஆகியவை ராணுவத் தேவைக்குத் திருப்பப்பட்டதால் நடனக் கலைஞர்கள் காலணிக்கும் காலுறைக்கும் திண்டாடினர். அதே ஆண்டுகளில், நடனப் பள்ளிகளுக்குள் மட்டும் புழங்கிய தட்டையான பாலே காலணியும் லியோடார்ட் என்னும் இறுக்கமான பயிற்சி உடையும் சாதாரணப் பெண்களின் உடைப்பெட்டிக்குள் நுழைந்தன. இன்று உலகெங்கும் ‘பாலே ஃபிளாட்’ என்று விற்கப்படும் காலணியின் கதை இந்தப் பற்றாக்குறையிலிருந்தே தொடங்குகிறது.

ஆர்னெம், 1940 மே 9

பிரிட்டனின் சேட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழு 1940 மே மாதத் தொடக்கத்தில் நெதர்லாந்துக்குச் சென்றது. பிரிட்டிஷ் கவுன்சில் ஏற்பாடு செய்த நல்லெண்ணப் பயணம் அது. குழுவை 1931-ல் நிறுவிய நினெட் டி வால்வா தலைமையேற்றார். இசை இயக்குநர் கான்ஸ்டன்ட் லாம்பர்ட், நடன அமைப்பாளர் ஃபிரடெரிக் ஆஷ்டன், இருபது வயதான மார்கோ ஃபான்டெய்ன் ஆகியோர் உடன் சென்றனர். நெதர்லாந்து அப்போது நடுநிலை நாடு. ஆனால் எல்லைக்கு அப்பால் ஜெர்மன் படை திரண்டிருந்தது.

மே 9 இரவு ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஆர்னெம் நகரில் குழு ஆடியது. நிகழ்ச்சி முடிந்ததும் டி வால்வாவுக்கு மலர்க்கொத்து கொடுக்க ஒரு சிறுமி மேடையேறினாள். அவளுக்குப் பதினொரு வயது. தாய் அந்த நிகழ்ச்சிக்கென்றே தையல்காரரிடம் சொல்லி டஃபெட்டா துணியில் தரையைத் தொடும் உடை தைத்திருந்தார். அதற்கு முன் அவள் நீள உடை அணிந்ததில்லை. நடக்கும்போது அந்தத் துணி எழுப்பிய சரசரப்பைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் திரைப்பட நடிகையாகப் புகழ்பெற்ற ஆட்ரி ஹெப்பர்ன்.

குழு அன்றிரவே தி ஹேக் நகருக்குத் திரும்பியது. விடியும் நேரத்தில் ஜெர்மன் படையெடுப்பு தொடங்கிவிட்டது. விடுதியிலிருந்து பார்த்த நடனக் கலைஞர்களின் கண்ணில் பட்டவை வானிலிருந்து இறங்கிய பாராசூட்டுகள். சில நாட்கள் விடுதியில் அடைபட்டுக் கிடந்த பின் பேருந்தில் ஐமாய்டன் துறைமுகத்தை அடைந்து, அகதிகளால் நிரம்பிய ஒரு சரக்குக் கப்பலில் இங்கிலாந்து திரும்பினர். உயிரிழப்பு ஏதுமில்லை. ஆனால் அரங்கப் பொருட்கள், உடைகள், இசைக்குறிப்புகள் எல்லாவற்றையும் நெதர்லாந்திலேயே விட்டுவர வேண்டியதாயிற்று.

‘செக்மேட்’, ‘தி ரேக்ஸ் பிராக்ரஸ்’, ‘ஃபசாட்’, ‘டான்டே சொனாட்டா’, ‘ஹாரஸ்கோப்’ ஆகிய படைப்புகளின் உடைகள் அவற்றுள் அடங்கும். ‘ஹாரஸ்கோப்’ படைப்புக்கு லாம்பர்ட் எழுதிய முழு இசைக்குறிப்பும் அதோடு போனது. சில பகுதிகள் மட்டுமே வேறு வடிவில் எஞ்சின. ஆஷ்டனின் அந்தப் படைப்பு பிறகு அரங்கேறவே இல்லை. ‘செக்மேட்’ புதிய வடிவமைப்புடன் மேடைக்குத் திரும்ப 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு நடனக் குழுவுக்கு உடை இழப்பு என்பது துணி இழப்பு மட்டுமன்று. பாலேயில் அசைவுகளை எழுதிவைக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இல்லை. படைப்பு ஆடுபவரின் உடலிலும், இசைக்குறிப்பிலும், உடையிலும்தான் தங்கியிருந்தது. பாவாடையின் நீளம் எவ்வளவு, தோள்பட்டையில் எவ்வளவு எடை என்பவற்றை வைத்தே அசைவுகள் அமைக்கப்பட்டன. உடை போனால் அந்த நினைவில் ஒரு பங்கும் போயிற்று.

காலணியின் கணக்கு

பாலேயில் இருவகைக் காலணிகள் உண்டு. ஒன்று, பயிற்சிக்கும் எளிய ஆட்டங்களுக்கும் உரிய மெல்லிய தட்டைக் காலணி. தோலிலோ கேன்வாஸிலோ செய்யப்படுவது. மற்றொன்று, விரல்நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் காலணி. அதன் முனையில் மரக்கட்டை இருப்பதாகப் பலர் நினைப்பதுண்டு. உண்மையில் துணி, காகிதம், கோணித்துணி ஆகியவற்றை மாவுப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த ஒரு கூடுதான் முனையில் இருக்கிறது. வெளியே சாட்டின், அடியில் தோல். வியர்வையும் வெப்பமும் பட்டதும் பசை இளகிக் கூடு தளர்ந்துவிடும். முதன்மை நடனக்காரர் ஒருவர் பெரிய வேடத்தில் ஓர் இரவிலேயே ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவதுண்டு.

இந்தப் பொருள்களில் ஒன்றுகூடப் போருக்குத் தப்பவில்லை. சாட்டினுக்கான பட்டு பாராசூட்டுக்கும், தோல் படைவீரர்களின் பூட்ஸுக்கும் போயிற்று. கோணி மணல்மூட்டைக்குப் பயன்பட்டது. காலணியைக் கையால் செய்யும் கைவினைஞர்களும் படைக்கு அழைக்கப்பட்டனர்.

பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் உடைகளுக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். பிறகு இது 48 ஆகவும் அதற்குக் கீழும் குறைந்தது. பெண்களின் காலணி ஒரு ஜோடிக்கு 5 கூப்பன், காலுறை ஒரு ஜோடிக்கு 2. இந்தக் கணக்கை அப்படியே பாயிண்ட் காலணிக்குப் பொருத்திப் பார்த்தால், ஓர் ஆண்டு முழுவதற்குமான கூப்பன்களைக் கொடுத்தாலும் 13 ஜோடிதான் கிடைக்கும். மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டைகூட மிஞ்சாது. நாடக, நடனக் குழுக்களுக்கு அரசு தனி ஒதுக்கீடு அளித்தது. என்றாலும் தட்டுப்பாடு தீரவில்லை.

ஆகவே பழைய சிக்கன வழக்கங்கள் கட்டாயமாயின. காலணி முனையைத் தடித்த நூலால் நெருக்கமாக இழையோட்டித் தைப்பது நடனக்காரர்கள் வழிவழியாகச் செய்துவந்ததுதான். அது வழுக்கலைக் குறைக்கும், சாட்டின் கிழிவதையும் தள்ளிப்போடும். போரில் அது அன்றாட வேலையாயிற்று. இளகிய கூட்டுக்குள் பசையோ ஷெல்லாக்கோ ஊற்றிக் காயவைத்து மறுபடி ஆடினர். மேடையில் ஆடித் தளர்ந்தவை பயிற்சிக்கும், பயிற்சியில் கிழிந்தவை தட்டைக் காலணி போலவும் பயன்பட்டன. பட்டு டைட்ஸ் மறைந்து, பருத்தியிலும் கம்பளியிலும் பின்னியவை வந்தன. இவை முழங்காலில் தொளதொளத்துச் சுருங்கும். அக்கால ஒத்திகைப் புகைப்படங்களில் காணும் சுருக்கங்களுக்கு அதுவே காரணம்.

வெறுங்காலில் ஒரு போர் நடனம்

நெதர்லாந்தில் உடைகளை இழந்த படைப்புகளில் விரைவாக மீண்டது ‘டான்டே சொனாட்டா’. போலந்து மீதான படையெடுப்பின் அதிர்ச்சியில் ஆஷ்டன் அமைத்து, 1940 ஜனவரியில் அரங்கேற்றியது. ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் நடக்கும் போராட்டம். இரு தரப்பும் வெல்வதில்லை. சோஃபி ஃபெடரோவிச் இதற்கு எளிய, தளர்ந்த உடைகளை வரைந்திருந்தார். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு வெறுங்காலில் ஆடினர். ஆஷ்டன் வெறுங்காலைத் தேர்ந்தது கலைக் காரணத்தால்தான், காலணிக்குப் பஞ்சம் வந்ததால் அல்ல. அரங்கேறியபோது உடை ரேஷனே தொடங்கியிருக்கவில்லை. ஆயினும் சாட்டினும் டூல் வலைத்துணியும் தேவைப்படாத இப்படைப்பு பஞ்ச காலத்துக்குப் பொருந்திப்போயிற்று. போர் முழுவதும் லண்டனிலும் வெளியூர்களிலும் அது அடிக்கடி ஆடப்பட்டது.

‘ஃபசாட்’ அதே 1940-ல் புதிய உடைகளுடன் திரும்பியது. ‘தி ரேக்ஸ் பிராக்ரஸ்’ 1942-ல் மீண்டது. அதன் வடிவமைப்பாளரான ரெக்ஸ் விஸ்லர் அப்போது ராணுவ அதிகாரி. 1944 ஜூலையில் நார்மண்டி போரில் அவர் இறந்தார். குழுவின் ஆண் கலைஞர்களில் பலரும் படைக்குச் சென்றுவிட்டனர். ஆஷ்டனே 1941-ல் விமானப்படையில் சேர்ந்தார். பள்ளி மாணவர்களைக் கொண்டு அவ்விடங்களை நிரப்ப வேண்டிவந்ததால், உயரமான ஒருவருக்குத் தைத்த உடையைப் பிடித்தும் மடித்தும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்குப் பொருத்துவது உடையறைப் பெண்களின் தீராத வேலையாயிற்று. சேட்லர்ஸ் வெல்ஸ் அரங்கம் குண்டுவீச்சில் வீடிழந்தோரின் தங்குமிடமானது. குழு ஊர் ஊராகச் சென்று ஆடியது. சில பயணங்களில் இசைக்குழுவுக்குப் பதில் லாம்பர்ட்டும் ஹில்டா கான்ட்டும் இரண்டு பியானோக்களில் வாசித்தனர்.

அரங்குகள் காலியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போருக்கு முன் சிறு வட்டத்துக்குரியதாக இருந்த பாலே, பிரிட்டனில் பெருந்திரளான மக்களின் கலையானது இக்காலத்தில்தான். கூப்பனுக்கு வாங்கிய ஒரே கோட்டை மாறி மாறி அணிந்தவர்களுக்கு, இழையோட்டிய சாட்டினும்கூட மேடை விளக்கில் பளபளப்பாகவே தெரிந்தது.

அமெரிக்கா: சட்டத்தில் ஒரு சிறு இடைவெளி

அமெரிக்காவில் கதை வேறு விதமாகப் போனது. 1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்ததும், அங்கிருந்து வரும் புதுப்பாணிகளைப் பார்த்தே தைத்துவந்த நியூயார்க் உடைத் தொழில் தனித்து நின்றது. ஜப்பானுடனான வணிகம் 1941 கோடையில் முறிந்ததால் பட்டு நின்றது. 1940 மே மாதம்தான் நாடெங்கும் விற்பனைக்கு வந்திருந்த நைலான் காலுறையும் 1942-ல் கடைகளிலிருந்து மறைந்தது. நைலான் பாராசூட்டுக்கும் கயிறுக்கும் போயிற்று. 1942 ஏப்ரலில் போர் உற்பத்தி வாரியம் எல்-85 என்ற ஆணையை வெளியிட்டது. பாவாடையின் சுற்றளவு, நீளம், மடிப்பு, ஓரத்தில் மடித்துத் தைக்கும் துணியின் அகலம் எல்லாவற்றுக்கும் வரம்பு வந்தது.

ரப்பர் பற்றாக்குறைக்கு ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. மலாயாவை ஜப்பானியர் 1942 தொடக்கத்தில் கைப்பற்றியதுதான் நேச நாடுகளின் ரப்பர் வரத்து அறுந்ததற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அங்குள்ள தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பங்கினர் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் பின்னர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மாண்டனர். நியூயார்க்கில் காலணிக்கு அடிப்பாகம் கிடைக்காமல் போனதும் இதே நிகழ்வின் தொலைவிலுள்ள ஒரு விளைவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

1943 பிப்ரவரியில் அமெரிக்காவில் காலணி ரேஷன் வந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு மூன்று ஜோடி என்பது கணக்கு. நடனத்துக்கான காலணிகள் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தெருவில் அணிய முடியாத, தோல் மிகக் குறைவாகச் செலவாகும் ஒரு தொழிற்கருவியாகவே அவை கருதப்பட்டன.

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டவர் கிளேர் மெக்கார்டெல். மேரிலாந்து மாநிலத்தில் 1905-ல் பிறந்த இவர், டவுன்லி ஃபிராக்ஸ் என்ற நியூயார்க் நிறுவனத்தில் வடிவமைப்பாளர். பாரிஸைப் பார்த்துத் தைப்பதை அவர் என்றுமே விரும்பியதில்லை. நடக்கவும், பேருந்தில் ஏறவும், அடுப்படியில் நிற்கவும் தோதான உடையே அவர் நோக்கம். வீட்டு வேலையாட்கள் போர்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, தாமே சமைக்கத் தொடங்கிய பெண்களுக்காக 1942-ல் அவர் வடிவமைத்த ‘பாப்ஓவர்’ உடை 6.95 டாலருக்கு விற்றது. அந்த எளிய உடைகளுக்குக் கீழே உயர்ந்த குதிகால் காலணி ஒட்டவில்லை.

அவர் கபெசியோ நிறுவனத்தை அணுகினார். இத்தாலியிலிருந்து குடியேறிய சால்வடோரே கபெசியோ 1887-ல், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்குக்கு அருகே ஒரு காலணி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது அது. அன்னா பாவ்லோவா 1910-ல் அமெரிக்கா வந்தபோது தம் காலணிகளை அங்கே வாங்கியதிலிருந்து நிறுவனம் புகழ்பெற்றது. மெக்கார்டெல் கேட்டது எளிய ஒன்றுதான்: தட்டையான பாலே காலணிக்குத் தெருவில் தேயாத கெட்டியான அடிப்பாகம் போட்டு, மேற்புறத்தை உடையின் துணிக்குப் பொருத்தமாக அமைத்துத் தர வேண்டும். தோல் குறைவு, குதிகால் இல்லை, கூப்பன் வேண்டாம். பெட்ரோல் ரேஷனால் நடந்துபோக வேண்டியிருந்த பெண்களுக்குக் கால்வலியும் இல்லை. பெரிய துணிக்கடைகள் அவற்றை விற்கத் தொடங்கின.

பாலே காலணிக்கு இடைவெளி விட்டவர்கள் எந்தக் காரணத்துக்காக விட்டார்களோ, அந்தக் காரணத்தை இந்தப் புதிய காலணி இல்லாமலாக்கிவிட்டது. தெருவில் அணிய முடியாது என்பதால் விலக்குப் பெற்ற பொருள், விலக்குப் பெற்றதால் தெருவுக்கு வந்தது. லண்டனில் ஒரு நடனக்காரர் கிழிந்த முனையைத் தைத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், நியூயார்க்கில் பாலே ஆடியே இராத பெண்கள் பாலே காலணியுடன் அலுவலகம் போனார்கள்.

லியோடார்ட்

லியோடார்ட் என்ற பெயர் ஜூல் லியோதார் (1838–1870) என்ற பிரெஞ்சு ஊஞ்சல் வித்தைக்காரரிடமிருந்து வந்தது. உடலோடு ஒட்டிய அந்தப் பின்னல் உடை சர்க்கஸிலிருந்து நடனப் பயிற்சிக்கூடத்துக்கு வந்தது. 1943 தொடக்கத்தில் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ், மில்ட்ரெட் ஓரிக் என்ற வடிவமைப்பாளரின் யோசனையில் உருவான, அன்றாடம் அணிவதற்கான லியோடார்ட்டுகளை வெளியிட்டது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை கம்பளி ஜெர்சி. அதன்மேல் கையில்லாத ஒரு கவுன். எரிபொருள் சிக்கனத்தால் குளிர்ந்து கிடந்த கல்லூரி விடுதிகளில் மாணவிகள் அணிய ஏற்றது என்பது எண்ணம். ஓரிக்கின் கல்லூரித் தோழியான மெக்கார்டெல்லும் டவுன்லி வழியாக இவ்வகை உடைகளைச் செய்தார். அதே ஆண்டு லைஃப் இதழும் இதைப் பேசியது.

பேச்சு கிளம்பிய அளவுக்கு விற்பனை இல்லை. செய்வதற்குச் செலவு அதிகம். முழு உடலையும் காட்டும் வடிவம் அன்றைய பெண்களுக்குக் கூச்சத்தையும் தந்திருக்கக்கூடும். லியோடார்ட் பரவலான உடையானது பிற்காலத்தில், நீளும் செயற்கை இழைகள் வந்த பின்னர்தான். காலணி வென்ற இடத்தில் உடை தோற்றது.

இருண்ட மாலைகள்

ஆர்னெமில் மலர்க்கொத்து கொடுத்த சிறுமியின் தந்தை ஆங்கிலேயர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆங்கிலப் பெயர் ஆபத்து என்பதால் எட்டா வான் ஹீம்ஸ்ட்ரா என்ற டச்சுப் பெயரில் வளர்ந்தார். ஆர்னெம் இசைப்பள்ளியில் வின்யா மரோவாவிடம் பாலே கற்றார். தாய் வீட்டில் கிடைத்த துணிகளைக் கொண்டே உடைகள் தைத்தார்.

நெதர்லாந்தில் கலைஞர்கள் நாஜி ஆட்சியின் பண்பாட்டு அமைப்பில் சேர்ந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. மறுத்தவர்கள் வீடுகளில் ரகசியமாக நிகழ்ச்சி நடத்தினர். ‘இருண்ட மாலைகள்’ என்று இவற்றுக்குப் பெயர். சன்னல்களை மூடித் திரையிட்டிருப்பார்கள். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று கைதட்டுவதில்லை. திரளும் பணம் தலைமறைவாக இருந்தவர்களுக்கும் எதிர்ப்பு இயக்கத்துக்கும் போனது. ஹெப்பர்னும் இவற்றில் ஆடினார்.

1944 செப்டம்பரில் ஆர்னெம் மீது மறுபடி பாராசூட்டுகள் இறங்கின, இம்முறை நேச நாடுகளின் படை. அந்தப் போர் தோற்றது. நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். தொடர்ந்து வந்தது ‘பசிக் குளிர்காலம்’. அருகிலுள்ள வெல்ப் ஊரில் ஹெப்பர்ன் குடும்பமும் பட்டினி கிடந்தது. போருக்குப் பின் லண்டனில் மேரி ராம்பெர்ட்டின் பள்ளியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். உயரமும், வளரும் வயதில் உணவின்றித் தளர்ந்த உடலும் முதன்மை நடனக்காரராவதற்குத் தடை என்று அங்கே தெரியவந்தது. அவர் இசைநாடக மேடைக்கும் பின்பு திரைப்படத்துக்கும் திரும்பினார்.

1946: தூங்கும் அழகி

போரின்போது லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா மாளிகை பொதுமக்கள் ஜோடியாக ஆடும் நடனக்கூடமாக வாடகைக்கு விடப்பட்டிருந்தது. 1946 பிப்ரவரி 20 அன்று சேட்லர்ஸ் வெல்ஸ் குழுவின் ‘தூங்கும் அழகி’ பாலேயுடன் அது மீண்டும் திறந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் குடும்பத்துடன் வந்திருந்தார். ஃபான்டெய்ன் இளவரசி அரோராவாக ஆடினார்.

போர் முடிந்திருந்தது, உடை ரேஷன் முடியவில்லை. அரசவை ஒன்றையே உடுத்த வேண்டிய படைப்பு அது; ஒரு டூட்டூ பாவாடைக்கு மட்டும் பல அடுக்கு வலைத்துணி வேண்டும். வடிவமைப்பாளர் ஆலிவர் மெசல் போரின்போது உருமறைப்பு அதிகாரியாகப் பணியாற்றியவர். பீரங்கிக் காவல்மாடங்களை வைக்கோற்போராகவும் தேநீர்க் கடையாகவும் தோன்றச் செய்தவர். மலிவான பொருளை வேறொன்றாகக் காட்டும் அந்தக் கைப்பழக்கம் இங்கே பயன்பட்டது. தலைக்கிரீடங்களும் அணிகளும் கம்பி, பசை, காகிதம், சாயம் கொண்டு உருவாயின. இந்தத் தயாரிப்பு பல ஆண்டுகள் ஆடப்பட்டது. 1949 மார்ச்சில் பிரிட்டனில் உடை ரேஷன் ஒழிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று இதே படைப்புடன் குழு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடையில் தோன்றிப் பெரும் வெற்றி பெற்றது. கபெசியோ கடை தொடங்கியது அந்த அரங்கின் நிழலில்தான்.

காலணி தங்கியது

1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் வெளியிட்ட உடைகளில் ஒடுங்கிய இடையும், மீட்டர் கணக்கில் துணி விழுங்கும் அகன்ற பாவாடையும் இருந்தன. எல்-85 ஆணையின் உணர்வுக்கு நேர் எதிரான அந்த வடிவம் பாலே மேடையின் நீண்ட டூட்டூவை ஒத்திருந்தது. ஃபான்டெய்ன் டியோரின் வாடிக்கையாளரானார். அவர் அணிந்த உடைகளில் சில இங்கிலாந்தின் பாத் நகர அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன.

பஞ்ச காலத்தின் குட்டைப் பாவாடையைப் பெண்கள் விரைவில் மறந்தனர். தட்டைக் காலணியை விடவில்லை. பாரிஸில் ரோஸ் ரெபெட்டோ தம் மகனும் நடனக் கலைஞருமான ரோலான் பெதீக்காக 1947-ல் காலணி தைக்கத் தொடங்கினார். பாலே பயின்றவரான நடிகை பிரிஜித் பார்டோவுக்காக 1956-ல் அவர் தெருவில் அணியும் பாலே காலணி ஒன்றைச் செய்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பே, இத்தாலியில் சால்வடோரே ஃபெராகமோ மென்தோலில் ஒரு தட்டைக் காலணியை வடிவமைத்திருந்தார்; அது ஆட்ரி ஹெப்பர்னுக்காக. 1957-ல் வெளிவந்த ‘ஃபன்னி ஃபேஸ்’ திரைப்படத்தில், பாரிஸ் மதுக்கூடம் ஒன்றில் கறுப்புக் காற்சட்டையும் தட்டைக் காலணியும் அணிந்து அவர் ஆடுகிறார்.